ஓரம் பிரியாத கொடி

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை நகரசபைக் கடிதம் வந்தது. தபால்காரர் கொண்டுவரவில்லை. தையல்காரம்மாவின் மூத்த மாப்பிள்ளையே கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

தையல்காரம்மா அப்போதுதான் கடையைத் திறந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடை என்றால் தனியாக ஒன்றும் இல்லை, வீட்டின் முன்னறைதான். இரண்டு மெஷின், ஒரு நீள மேஜை, துணி வைக்கிற இரும்பு அலமாரி, சுவரில் சாய்த்து வைத்த கடற்கரைக் குடைகள். இந்த ஊர் மணலில் விரிகிற குடைத்துணி, சாய்வு நாற்காலிக் கித்தான், கம்பத்தில் ஏறுகிற கொடி எல்லாமே பதினொரு வருஷமாக அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். உப்புக்காற்றில் ஊசி துருப்பிடிக்கிறது என்று வாரம் ஒரு ஊசி மாற்றுவாளே தவிர, அவள் மெஷின் ஓயாது. இந்த நான்கு நாளாகத்தான் அது நின்று நின்று ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். கடல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நூறு பேர் தண்ணீரில் நின்றார்கள். கம்பத்தில் மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றால் பார்த்துக் குளிக்கலாம். சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. அன்றைக்குச் சிவப்பு ஏறவில்லை. சுற்றுலா வண்டி ஓட்டி வந்த வெளியூர் டிரைவர் ஒருவர், பயணிகள் ஹோட்டலில் சாப்பிடுகிற நேரத்தில் ஒரு முழுக்குப் போடலாம் என்று இறங்கியவர், ஆழத்துக்குப் போய்விட்டார். கடற்கரைக் காவலில் இருந்த தையல்காரம்மாவின் சின்ன மகள்தான் பாய்ந்து நீந்தி, இருபது நிமிஷம் போராடி, அவரைக் கரைக்கு இழுத்து வந்தாள். அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடக்கிறார்.

காப்பாற்றினவளுக்குப் பாராட்டு வரும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வந்தது இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை அதை மேஜைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார். அவர்தான் நகரசபையின் கடற்கரை மேற்பார்வையாளர். எந்த நேரத்துக்கு எந்தக் கொடி என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. நீலச் சட்டையும் கழுத்து அட்டையுமாகக் காலை வேளையிலேயே வியர்த்திருந்தார்.

சத்தம் கேட்டுச் சின்னவள் உள்ளேயிருந்து வந்தாள். இடது தோள் இன்னும் வீங்கியிருந்தது. முழுகுகிறவன் பிடித்த பிடி அப்படி. ஒற்றைக் கையால் கடிதத்தைப் பிரித்து, நின்றபடியே படித்தாள். முதல் பக்கம், பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை என்ற அறிவிப்பு. இரண்டாம் பக்கம், அவள் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம், வசதியாகத் தட்டச்சே செய்து வைத்திருந்தார்கள். சிவப்புக் கொடி கம்பத்தடிப் பெட்டியில் இருந்தும் நான் ஏற்றத் தவறினேன், என் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம், மன்னிக்க வேண்டுகிறேன்.

கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத் தற்காலிகப் பணிநீக்கத்தோடு போய்விடும் என்று மாப்பிள்ளை விளக்கினார். போடாவிட்டால் வேலையும் போகும், உயிர்காப்புச் சான்றிதழையும் ரத்து செய்வார்கள், பிறகு எந்தக் கடற்கரையிலும் எந்த நீச்சல்குளத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். நகரசபைத் தலைவரிடம் தான் எவ்வளவோ கெஞ்சித்தான் இதையே இந்த அளவுக்குக் கொண்டுவந்ததாகவும் சொன்னார்.

"பெட்டில கொடி இல்ல மாமா," என்றாள் சின்னவள். "பத்து மணிக்கு இழுப்பு ஜாஸ்தியானதும் முதல்ல பெட்டியைத்தான் திறந்தேன். பச்சை மட்டும்தான் இருந்துச்சு. உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணேன்."

"இருந்துச்சும்மா. பதட்டத்துல நீ சரியாப் பார்க்கல. யாருக்கும் நடக்கறதுதான்."

அதை அவர் எங்கே நின்று சொன்னார் தெரியுமா? இரும்பு அலமாரிக்கு இரண்டடி தள்ளி நின்று சொன்னார். அந்தச் சிவப்புக் கொடி மடித்து வைத்திருக்கிற அலமாரிக்கு முன்னால் நின்று, அது அங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் சொன்னார். சொல்லிவிட்டு மாமியார் பக்கம் திரும்பி, நீங்களும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க அத்தை என்று வேறு சேர்த்துக்கொண்டார்.



சின்னவள் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, மூணு மணிக்கு வரேன், கையெழுத்து மட்டும் கேட்காதீங்க என்று சொல்லி உள்ளே போனாள். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அத்தை, அந்தத் துணி…"

"எந்தத் துணி மாப்பிள்ளை?"

அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "உங்க மூத்த பொண்ணையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் இதே வாசலில் வந்து நின்றதை அவள் எப்படி மறப்பாள்? சின்னவள் ஏழுக்கே கிளம்பிப் போயிருந்தாள். அவர் ஒரு துணிப்பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்துக் கொடுத்தார். ஓரம் பிரிந்திருக்கிறது, ஆனால் அவசரமில்லை, செவ்வாய்க்கிழமை கொடுத்தால் போதும் என்றார். அவசரமில்லை என்ற சொல் அப்போதே அவளுக்கு உறுத்தியது. குடைத்துணிக்கு அவசரமில்லை என்று சொல்லலாம். சிவப்புக் கொடிக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா? அவர் போனதும் நான்கு ஓரத்தையும் விரலால் நீவிப் பார்த்தாள். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. மனுஷன் வேறு எதையோ பார்த்துக் குழம்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, பெயரும் நாளும் எழுதிய சீட்டைக் குத்தி அலமாரியில் வைத்தாள்.

பதினோரு மணிக்குக் கடற்கரையிலிருந்து ஆம்புலன்ஸ் போனது. மத்தியானத்துக்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்குச் சுற்றுலாப் புத்தகத்துக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சிவப்புக் கொடி பறக்கிற கடலைப் படம் எடுத்துப் போட்டால் சீசனுக்கு யார் வருவார்கள்? கம்பத்தில் ஏற்றக் கூடாது என்று சொன்னால் காவலுக்கு நிற்கிற பெண் கேட்க மாட்டாள், சண்டை போடுவாள். அதனால் கொடியையே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். அதற்கு அவள் கடையையே மறைவிடமாக ஆக்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை கொடியைத் திரும்பக் கேட்டு வந்தார். அவள் கொடுக்கவில்லை. ஓரத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், முடியவில்லை என்று பொய் சொன்னாள். அவருக்குக் கொடுக்கவும் மனசில்லை, ஊருக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். நல்ல மனுஷன், எட்டு வருஷமாகப் பெரியவளைக் கண்கலங்க விட்டதில்லை, எதற்கோ பயந்து செய்துவிட்டார், இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சின்னவளைக் கடைத்தெருவில் ஒருத்தன், ஆளைக் கொல்லப் பார்த்தவ இவதான் என்று கை நீட்டிக் காட்டினான். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

இன்றைக்குத் திறந்தார். திறந்து சொன்னது, பெட்டியில் இருந்துச்சும்மா.

தையல்காரம்மா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

பெரியவள் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். எதிர்க்கரைத் தீவுக்கு மணிக்கு ஒரு படகு. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் இருக்கிற வட்ட ஓட்டை வழியாக நாள் முழுக்க எத்தனை பேர், போக மட்டுமா, வரவுமா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சேதியை வீட்டில் வைத்துத்தான் பேச வேண்டும் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியும். ஆனால் மூன்று மணிக்குள் சொல்லியாக வேண்டும். வரிசையில் நின்றாள். முன்னால் ஏழு பேர்.

தன் முறை வந்ததும் குனிந்து, ஓட்டை அருகே வாயை வைத்து, ஞாயிற்றுக்கிழமை சிவப்புக் கொடி எங்கே இருந்தது என்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. யார் கொண்டு வந்தார்கள், என்ன சொன்னார்கள், திரும்பக் கேட்டு எப்போது வந்தார்கள், எல்லாவற்றையும் நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பின்னால் நின்றவர் சில்லறையைக் குலுக்கினார்.

பெரியவள் முகம் ஒன்றும் காட்டவில்லை. அவள் கை மட்டும் டிக்கெட் கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"எத்தனை மணிக்குக் கொண்டு வந்தார்?" என்று கேட்டாள்.

"ஏழரை."

பெரியவள் எழுந்து, ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்ற அட்டையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு படகுக் கயிறுகள் சுருட்டிக் கிடந்த இடத்துக்குப் போனாள்.

முதலில் அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். பிறகு கெஞ்சினாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பெண் எதற்கும் கெஞ்சித் தையல்காரம்மா பார்த்ததில்லை. இப்போது அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தங்கைக்கு வயசிருக்கிறது, தெம்பிருக்கிறது, வேறு எந்த வேலைக்கும் போய்விடுவாள், ஒரு மாசம்தானே வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள் என்றாள். இவருக்கு வேலை போனால் அதோடு நிற்காது, போலீஸ், கோர்ட்டு என்று இழுப்பார்கள் என்றாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும் என்றாள்.

"அந்த டிரைவர் செத்துப்போனா?" என்றாள் தையல்காரம்மா. "அவ கையெழுத்துப் போட்ட காகிதத்தை வெச்சே அவளை உள்ள தள்ளுவாங்க. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பெரியவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு படகு வந்து இடித்து நின்றது. ஆட்கள் இறங்கி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"உனக்கு ரெண்டு பொண்ணும்மா," என்றாள் கடைசியில்.

"அதனாலதான் முதல்ல உங்கிட்ட வந்தேன்."

"சரி. சொல்லு." பெரியவள் கையை விட்டாள். "சொல்லிட்டு என் வீட்டுப் பக்கம் வராதே."

திரும்பி நடந்து, பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய், அட்டையைக் கழற்றிவிட்டு, அடுத்தது யாரு என்று கேட்டாள். குரல் பிசிறவே இல்லை. அவள் கோபத்தைவிட அந்தப் பிசிறாத குரல்தான் தையல்காரம்மாவை அதிகம் சுட்டது.

மூன்று மணிக்கு நகரசபைக் கூட்ட அறையில் மூச்சு விட இடமில்லை. குடை வாடகைக்காரர்கள், ஹோட்டல் ஆட்கள், கடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒல்லியான ஒரு பெண் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். டிரைவரின் மனைவி. நான்கு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கிய முகம். அவள் கண் சின்னவள்மேல் நிலைகுத்தியிருந்தது. இவளால்தான் உன் புருஷன் இப்படிக் கிடக்கிறான் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

மேடையில் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். எதிரே மேஜைமேல் கொடிப் பதிவேடு. அதன் பக்கத்தில் சலவை மடிப்புக் கலையாமல் ஒரு சிவப்புக் கொடி.

மாப்பிள்ளை எழுந்து பதிவேட்டைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி, இழுப்பு அதிகம், சிவப்பு ஏற்றும்படி பணியாளரிடம் சொல்லப்பட்டது. அவர் கையெழுத்தேதான். படிக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருப்பதுதான் அன்றைக்குப் பெட்டியில் இருந்த கொடி என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சின்னவள் தன் பக்கத்தைச் சொன்னாள். பெட்டியில் கொடி இல்லை. போன் எடுக்கவில்லை. விசில் அடித்து, தொண்டை கிழியக் கத்தி, ஆட்களை வெளியே ஏற்றினேன். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் ஏறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் தூரத்தில் இருந்தார். போய்க் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் சொன்னாள். தோள் வீங்கியதைச் சொல்லவில்லை. கரையில் அவர் நெஞ்சை அழுத்தி அழுத்தி மூச்சு வரவழைத்ததைச் சொல்லவில்லை.

தலைவர் சிரித்த முகத்துக்காரர். நம்ம ஊர் பேரு, நம்ம ஊர் பேரு என்று வாய்க்கு வாய் சொல்லுவார். பெட்டியைத் திறந்து நன்றாகப் பார்த்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். பார்த்தேன் என்று அவள் இரண்டு தடவையும் சொன்னாள்.

"நீச்சல் நல்லாத்தான் வருது. கண்ணுதான் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டணும் போல," என்றார் தலைவர்.

அறையில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ஹோட்டல் ஆட்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. காது மட்டும் சிவந்தது. சின்ன வயசிலிருந்து அவமானம் வந்தால் அவளுக்குக் காதுதான் சிவக்கும்.

தையல்காரம்மா எழுந்துவிட்டாள்.

பொதுமக்கள் குறுக்கே பேசக் கூடாது என்று குமாஸ்தா தடுத்தார். நான் பொதுமக்களில் ஒருத்தியாக வரவில்லை, இந்த நகரசபைக்குப் பதினொரு வருஷமாகக் கொடி தைக்கிறவள், மேஜைமேல் இருப்பது என் வேலையா என்று பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். யாரும் தடுப்பதற்குள் கொடி அவள் கையில் இருந்தது.

ஓரத்தைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை. கையில் எடுத்ததுமே எடை சொல்லிவிட்டது. ஆனாலும் எல்லாரும் பார்க்கட்டும் என்று விரித்துப் பிடித்தாள். கடையில் வாங்கிய மெல்லிய துணி. ஓரத்தில் ஒற்றைத் தையல். கயிறு கோக்க மூன்று பிளாஸ்டிக் வளையம்.

"இது என் தையல் இல்லை," என்றாள். "நான் ரெட்டைத் தையல் போடுவேன், நாலு பித்தளை வளையம் வைப்பேன். இது கடல்காத்தையே பார்க்காத துணி. மடிப்பு கூடக் கலையலை. ஞாயித்துக்கிழமை இது பெட்டில இருந்திருக்க முடியாது."

தலைவரின் சிரிப்பு அப்படியே நின்றது. பழைய கொடி கிழிந்திருக்கும், புதிதாக வாங்கியிருப்பார்கள் என்று ஒரு உறுப்பினர் இழுத்தார்.

அவள் தன் பையைத் திறந்து, அலமாரியிலிருந்து எடுத்து வந்ததை மேஜைமேல் வைத்தாள். வெயிலில் வெளுத்த சிவப்பு. நான்கு பித்தளை வளையமும் பச்சை பூத்திருந்தன. குத்திய சீட்டு குத்தியபடி இருந்தது.

"பெட்டில இருந்திருக்க வேண்டிய கொடி இதுதான். அன்னைக்குக் காலைல ஏழரை மணிலேருந்து என் அலமாரில இருந்துச்சு."

 யார் கொடுத்தது என்று இன்னொரு உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். வழி நெடுக அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் நடந்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கடைசி வரிசையில், கதவோரமாக, படகுத்துறை உடுப்பைக்கூட மாற்றாமல் பெரியவள் நிற்பதைப் பார்த்தாள்.

பெரியவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என் மூத்த மாப்பிள்ளை," என்றாள் தையல்காரம்மா. "ஓரம் பிரிஞ்சிருக்குன்னு சொன்னார். நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு தையல் விடலை."

மாப்பிள்ளை தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். மறுக்கவில்லை. அவர் மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கோபம் வந்திருக்கும், ஆற்றிக்கொண்டிருப்பாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கத்தான் முடியவில்லை.

தலைவர் சுதாரித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இது ஏதோ குடும்பத் தகராறு போலத் தெரிகிறது, மாமியாருக்கும் மருமகனுக்கும் ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் இந்த மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது, நம்ம ஊர் பேரு என்னாகிறது என்றார்.

"குடும்பத்துக்குள்ளதான் ஐயா நாலு நாள் பூட்டி வெச்சிருந்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. ஒரு மனுஷன் மூச்சுக்குழாயோட கிடக்கறான். அவனை இழுத்து வந்தவளை நிக்க வெச்சு, கண்ணு தெரியலையான்னு சிரிக்கறீங்க. உங்க ஊர் பேரை நீங்களே வெச்சுக்குங்க."

அவள் சத்தம் போடவில்லை. தையல் சரியில்லை என்று ஒருவரிடம் சொல்வதுபோல, நிதானமாகத்தான் சொன்னாள். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது கதவோரத்திலிருந்து பெரியவள் குரல் வந்தது. தலைவரிடம் இல்லை, தன் புருஷனிடம்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு உங்களுக்கு ஒரு போன் வந்துச்சு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். சரிங்க சரிங்கன்னு எட்டுத் தடவை சொன்னீங்க. யாருன்னு சொல்லிடுங்க."

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மேடைப் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தும் விட்டார்.

தலைவர் பதிவேட்டைப் படீரென்று மூடினார். புதிய தகவல்கள் வந்திருப்பதால் விசாரணை திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். அதற்குள் எழுந்தும் விட்டார். அவர் கண்ணாடி மேஜைமேலேயே கிடந்தது, குமாஸ்தா எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். மாப்பிள்ளை திறந்த வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. வெளியே போகவும் இல்லை.

தையல்காரம்மா கொடியை மடிக்கப் போனாள். குமாஸ்தா திரும்பி வந்து, அது இனிமேல் சாட்சிப் பொருள், தொடக் கூடாது என்றார். சரி என்று வெறும் பையோடு வெளியே வந்தாள்.

சின்னவள் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தாள். குடை வாடகைக்காரர்கள் நான்கைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு, நாங்க அப்பவே நினைச்சோம், நீ பொய் சொல்ற பொண்ணா என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்தான். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். தையல்காரம்மாவுக்கு மனசு லேசாகத் தொடங்கியது. பிள்ளை ஒரு வார்த்தை சொல்வாள், தோளில் சாய்ந்துகொள்வாள் என்று நினைத்தாள்.

"நாலு நாளா?" என்றாள் சின்னவள்.

 அவர் தானாகச் சொல்லுவார்னு பார்த்தேன் என்று ஆரம்பித்தாள் தையல்காரம்மா. அக்கா வீட்டை நினைச்சேன் என்றாள். சொல்லச் சொல்லவே அந்தச் சொற்கள் தனக்கே சகிக்கவில்லை என்று நிறுத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை என்னால தூங்க முடியல. பெட்டியை நான்தான் சரியாப் பார்க்கலையோ, துணிக்கு அடியில இருந்திருக்குமோன்னு உங்கிட்ட அழுதேன். நீ தலையைத் தடவிக் குடுத்த. அப்பவும் தெரியுமாம்மா?"

"தெரியும்."

சின்னவள் தலையை ஆட்டினாள். அவள் காது சிவந்தது. அறையில் அத்தனை பேர் சிரித்தபோது சிவந்ததைவிட அதிகமாகச் சிவந்தது.

"அவங்களைக்கூட நான் சந்தேகப்படல. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். நாலு நாள் என்னையே நான் சந்தேகப்பட்டேன். நீ பார்த்துக்கிட்டே இருந்திருக்க."

தையல்காரம்மா கையை நீட்டினாள். சின்னவள் ஒரு படி பின்னால் நகர்ந்தாள். வெறுப்போடு இல்லை, தோளில் வலி இருப்பவர்கள் யாரும் இடித்துவிடாமல் ஒதுங்குவார்களே, அதுபோல.

அப்போது டிரைவரின் மனைவி படியிறங்கி வந்தாள். மடியில் இருந்த பை இப்போது தோளில் தொங்கியது. தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தும், அதற்குக் காத்திருக்கத் தனக்கு நேரமில்லை என்பதுபோலச் சின்னவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரில நாலரைக்குத்தான் உள்ள விடுவாங்க," என்றாள். "நீ கூட வா. கண்ணு முழிச்சாருன்னா யாரு தூக்கி வந்தாங்கன்னு கேப்பார். நான் பார்க்கலை, நீதான் சொல்லணும்."

சின்னவள் சரி என்றாள். கிளம்பும்போது ஒரு தடவை திரும்பி, திங்கட்கிழமை விசாரணைக்கு வருவேன், அதுவரைக்கும் என்னோடு வேலை செய்கிறவள் வீட்டில் இருந்துகொள்கிறேன், வீட்டுச் சாவி பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னாள்.

இரண்டு பேரும் தெருவைக் கடந்தார்கள். டிரைவரின் மனைவி நடந்துகொண்டே சின்னவளின் வீங்கிய தோளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரம்மா கீழ்ப்படியில் நின்று, அவர்கள் ஆஸ்பத்திரித் தெருவில் திரும்புகிறவரைக்கும் பார்த்தாள். மேலே கூட்ட அறையில் நாற்காலிகளை இழுத்து அடுக்குகிற சத்தம் கேட்டது. பெரியவள் இன்னும் இறங்கி வரவில்லை.